கிழங்குக் கல்யாணம்

“சோறுதான் சார். கல்யாணத்துல வேற என்னத்தத் திம்பாக?”

காளிமுத்து இதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். சந்தானத்தின் சிவப்புப் பேனா காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டது. பேனாவைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது.

தொகுப்பு வீட்டின் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் விசாரணைக்கு வந்த சந்தானம். மற்றொன்றில், முழங்காலில் அட்டை வைத்துக்கொண்டு, உள்ளூர் உதவியாளனாகப் போன நான். காளிமுத்து நின்றுகொண்டிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த சட்டை. மடிப்புக் கோடுகள் இன்னும் விழுந்தபடி இருந்தன. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி பேச்சி. எங்களுக்காக வாங்கிவந்த ஆரஞ்சுக் கலர் இரண்டு பாட்டில், வெயிலில் திறக்காமல் சூடாகிக்கொண்டிருந்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தாலி கட்டினதும் மாப்பிள்ளையும் பொண்ணும் முதல்ல எதைச் சாப்பிடுவாங்க? உங்க ஆளுங்களோட பழைய வழக்கம் என்ன?”

“சோறு சார். கறிச்சோறு. வசதியிருந்தாப் பாயாசம்.”

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

அவர்கள் மகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அவர்கள் மெய்யாகவே பழங்குடிதானா என்று விசாரிக்கத்தான் சந்தானம் சென்னையிலிருந்து வந்திருந்தான். பத்துக் கேள்விகள். ஏழுக்குச் சரியான பதில் வந்தால் பரிந்துரை. காளிமுத்துவுக்கு ஆறு வந்தது.

அவர் தோற்ற அந்த எட்டாவது கேள்வி, நான் எம்.ஏ. மானிடவியலுக்கு எழுதிய ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

தேதி கேட்பவர்களுக்கு

இந்தத் தொடரில் போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகர், எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருப்பவன் ஏன் “ஓர் ஆண்டு”, “ஒரு நாள்” என்று எழுதுகிறாய் எனக் கேட்டிருந்தார். பத்திரிகை ஆசிரியர் சொன்ன காரணம் ஒன்று உண்டு: “வாசகர் காலண்டர் வாங்கலை சார், பத்திரிகை வாங்குறார்.” என் காரணம் வேறு. தேதி, நேரம், அளவு எல்லாம் துல்லியமாக எழுதி, அதனாலேயே நம்பப்பட்டு, ஒரு குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தவன் நான். தேதி மேல் இருந்த மயக்கம் அதோடு தெளிந்துவிட்டது.

நாட்குறிப்பை விடவில்லை. ஆனால் தேதிக்கும் கிழமைக்கும் அடுத்தபடி இப்போது வானிலையைத்தான் எழுதுகிறேன்.

அந்த மக்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. சித்தையன்கோட்டைக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருபது இருபத்தைந்து வீடுகள். அவ்வளவு போதும். ஒருமுறை பெயரோடு எழுதிவிட்டுப் பட்டது போதாதா?

மனுசனைப் படிக்கிற படிப்பு

எங்களுக்கு அகரத்தில் கொஞ்சம் நிலம். கத்தரியும் தக்காளியும், கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருஷம் கொஞ்சம் நெல்லும். சென்னையில் மானிடவியல் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா கத்தரிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

“அது என்னடா படிப்பு?”

“மனுசங்களைப் பத்திப்பா. எப்படி வாழுறாங்க, எப்படிக் கல்யாணம் பண்றாங்க, எப்படிப் புதைக்கிறாங்கன்னு.”

“அதுக்கு மெட்ராஸ் போகணுமா? ஒட்டன்சத்திரம் சந்தையில ஒருநாள் மூட்டையோட நில்லு. அம்புட்டு மனுசனும் தெரிஞ்சிரும்.”

ஆனாலும் அனுப்பினார். தொண்ணூறுகள் பிறந்த புதிது. வகுப்பில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் வேறு பாடத்துக்கு மனுப்போட்டு இடம் கிடைக்காமல் வந்தவர்கள். விரும்பிச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். நான், சந்தானம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி.

முதல் பருவத்தில் மண்டையோட்டை அளந்தோம். வளைந்த கால்கள் கொண்ட இரும்புக் கருவி ஒன்று. அதை நெற்றியிலும் பிடரியிலும் வைத்து நீளம் எடுக்க வேண்டும். மண்டையோட்டின் மேல் ஃபினாயில் வாசனை. ஒவ்வோர் அளவையும் நான் மூன்று தடவை எடுத்து எழுதுவேன். சந்தானம் ஒரே தடவை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். தேர்வில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்.

பிறகு உறவுமுறை வரைபடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்வுக்கோடு. விடுமுறையில் எங்கள் குடும்பத்தை ஐந்து தலைமுறைக்கு வரைந்து அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“இது ஆரு?”

“தாத்தா.”

“எங்கப்பனை ஏன்டா அடிச்சு வச்சிருக்க?”

செத்தவர்களுக்கு அதுதான் குறி என்றேன். “செத்தா கணக்குல அடிச்சுருவீகளோ” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அவருடைய முக்கோணத்தின் மேலும் ஒரு கோடு போட வேண்டும். போடவில்லை.

எங்கள் துறைத்தலைவர் மெலிந்த மனிதர், எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். களப்பணிக்குக் கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “ஒரு சடங்காவது கண்ணால பார்த்து எழுதிட்டு வாங்க. புத்தகத்துல இல்லாத ஒண்ணு.”

அந்தப் “புத்தகத்தில் இல்லாத ஒன்று” என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐப்பசி மாதத்தில் ஒரு முகூர்த்தம்

களப்பணிக்கு அடிவாரத்து ஊரைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ், பிறகு நடை. மூன்று மாதம் போய்வந்தும் புத்தகத்தில் இல்லாத எதையும் நான் பார்க்கவில்லை. தேன் எடுக்கப் போனார்கள், தோட்ட வேலைக்குப் போனார்கள், நோய் வந்தால் ஆத்தூருக்கு மாத்திரை வாங்கப் போனார்கள். அப்பா சொன்ன சந்தை மனிதர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம்தான் பாக்கி.

அப்போதுதான் காளிமுத்துவுக்கும் பேச்சிக்கும் கல்யாணம். முதல் நாளே போய் ஒரு குடிசையில் தங்கினேன். விடிவதற்கு முன்பே பிடித்த மழை விடவில்லை. கூரை ஒழுகி என் பை நனைந்தது.

அந்த மழையிலேயே காலையில் தாலி கட்டியானது. நேரம் குறித்தேன். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று எண்ணி எழுதினேன். எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தார்கள். பெரியவர்கள் அடிக்கடி எழுந்து, ஊருக்கு முன்னால் பெருகி ஓடிய ஓடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கடைசியில் பேச்சியின் அப்பா அடுப்புச் சாம்பலைக் கிளறி, சுட்ட வள்ளிக்கிழங்கு ஒன்றை எடுத்துத் தட்டி, மணமக்கள் கையில் கொடுத்தார். காளிமுத்து தலையைக் குனிந்தபடி அதை இரண்டாகப் பிட்டு, பாதியைப் பேச்சியிடம் நீட்டினார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள். மற்றவர்களுக்கும் துண்டு துண்டாகக் கிழங்கு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தில் இல்லாத ஒன்று!

“இதுதான் உங்க வழக்கமா?” என்று பேச்சியின் அப்பாவிடம் கேட்டேன்.

அவர் ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “ஆமா சாமி” என்றார்.

பேண்ட் போட்டு நோட்டு வைத்திருப்பவன் எதைக் கேட்டாலும் அந்த ஊரில் “ஆமா சாமி”தான். மூன்று மாதம் போய்வந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும், பையிலிருந்து டேப்பை எடுத்து, சாம்பலில் மிச்சமிருந்த ஒரு கிழங்கை அளந்தேன். நீளம், சுற்றளவு எல்லாம் எழுதினேன்.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், ஓடையை இடுப்பளவு நீரில் கடந்தேன். அக்கரையில் ஒரு மாட்டுவண்டி அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து நின்றது. வண்டியில் நனைந்து ஊறிப்போன இரண்டு அரிசி மூட்டை, ஒரு பெரிய அண்டா, கூடையில் கால் கட்டிய கோழிகள். வண்டிக்காரர் பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “கல்யாணம் முடிஞ்சிருச்சா தம்பி? சோறு இங்கனக்குள்ள நிக்கிது” என்றார்.

பார்த்தேன். கேட்டேன். எழுதவில்லை.

ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதி வாங்கியவன் என் வகுப்பில் நான் ஒருவன்தான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: “தாலி கட்டியபின் மணமக்கள் ஒரே கிழங்கை இரண்டாகப் பிட்டு உண்பர். இதுவே இவர்தம் மணச்சடங்கின் உயிர்நிலை.” துறைத்தலைவர் அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் “அருமை” என்று எழுதினார். இருமல் பட்டு அந்த எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

எட்டுப் பேரும் எங்கே போனார்கள்

இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று மாணவர்கள் இப்போதும் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். அலுப்போடுதான் பதில் எழுதுகிறேன், பொய் சொல்வதில்லை.

தஞ்சாவூர்ப் பெண் ஓர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தாள். எங்களில் படித்த படிப்போடு கடைசிவரை குடும்பம் நடத்தியவள் அவள்தான். இரண்டு பேர் வங்கித் தேர்வு எழுதிப் போனார்கள். ஒருவர் இன்சூரன்ஸ் முகவர். உறவுமுறை வரைபடம் தனக்கு மிகவும் உதவுகிறது என்று சத்தியம் செய்வார். ஒருவர் வெளிநாடு போனார். ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. சந்தானம் அரசுத் தேர்வு எழுதி, சாதிச் சான்றிதழ் விசாரிக்கும் பிரிவில் ஆய்வாளனாக உட்கார்ந்தான்.

நான் திண்டுக்கல்லுக்குத் திரும்பினேன். நாகல்நகரில் வீடு வீடாகப் போய் எந்தச் சோப்பில் துணி துவைக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருஷம் கழித்து அதே வீடுகளுக்குப் போய்க் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். “போன தடவை சோப்பு கேட்டீக, அதையே இன்னும் தரலையே” என்றாள் ஓர் அம்மாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படி ஏறி இறங்கினேன். கடைசியில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு டுடோரியலில் சமூக அறிவியல் நடத்தினேன். அந்த வேலைதான் நிலைத்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனாராக வேண்டியிருந்தவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “மனுசனுக்குப் படிச்சிருக்காராமே. டாக்டரா?”

“இல்லைங்க” என்றார் தரகர். “அது மனுசன் நல்லா இருக்கையில படிக்கிறது.”

அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

இரண்டாயிரங்கள் முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் சந்தானம் போன் செய்தான். திண்டுக்கல் பக்கம் சில விசாரணை இருக்கிறது. ஊர் தெரிந்த ஆள் கூட வேண்டும். “வாய்யா. எங்க பிரிவுல ஆய்வு உதவியாளர் ஒருத்தர் எடுக்கப் போறோம். தொகுப்பூதியம்தான், ஆனா படிச்ச படிப்புக்கான வேலை. உன் ஆய்வேட்டைத்தான் எங்க ஆளுங்க அகராதி மாதிரி வச்சிருக்காங்க. உன் பேரைச் சொல்லியிருக்கேன்.”

பதினெட்டு வருஷம் கழித்து யாரோ என் ஆய்வேட்டைப் படிக்கிறார்கள்! அன்று டுடோரியலில் பாடம் நடத்தும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும்.

உண்பர்

விசாரணையின் முதல் வீடு நகரத்துக்குள்ளேயே இருந்தது. மாடி வீடு. வாசலில் கார். எனக்குத் தெரிந்து அந்தக் குடும்பம் மலைப்பக்கம் போனது சுற்றுலாவுக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் பத்துக் கேள்விக்கும் நிறுத்தாமல் பதில் சொன்னார். எட்டாவது வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“தாலி கட்டியபின் மணமக்கள் ஒரே கிழங்கை இரண்டாகப் பிட்டு உண்பர் சார்.”

“உண்பர்” என்று திண்டுக்கல்லில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கேள்வித்தாளும் பதில்தாளும் எங்கோ நகல் எடுத்துக் கிடைக்கிறது என்பது புரிந்தது. சந்தானத்துக்கும் புரிந்தது. “பத்துக்குப் பத்து வாங்குறவனை நான் நம்ப மாட்டேன்” என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னான். அந்த மனுவைத் தனியாக எடுத்துவைத்தான். கெட்டவன் அல்ல அவன். கோப்புகளுக்கு நடுவில் களைத்தவன்.

அன்று மதியம்தான் காளிமுத்து வீடு. நான் தொடக்கத்தில் எழுதியது அந்த வாசலைத்தான். காளிமுத்து கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சூடான ஆரஞ்சுக் கலரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

ஜீப்பில் சந்தானம் சொன்னான்: “பாவம்யா. பார்த்தா உண்மையான ஆளு மாதிரிதான் தெரியுது. ஆனா ஆறுதான் வருது. நான் என்ன பண்றது?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓடையில் தண்ணீர் இல்லை. மணல் அள்ளியிருந்தார்கள்.

ஈஸ்வரி வந்தாள்

மூன்றாம் நாள் காலை, டுடோரியலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்கள். பின்னால் தெருவிலேயே, கேட்டைத் தாண்டாமல் காளிமுத்து.

“சார், நான் அவுக மக ஈஸ்வரி. ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். நர்ஸிங்குக்கு சீட்டு வந்திருக்கு. இந்த ஒரு சர்ட்டிபிகேட்டுதான் இல்ல. இருபது நாள்ல குடுக்கணும்.”

“வாம்மா போவம்” என்றார் காளிமுத்து. “சொன்னாக் கேக்கமாட்டேங்கிறா சார்.”

“செத்த நேரம் சும்மா இருங்கப்பா.” அவள் என் பக்கம் திரும்பினாள். “தலையாரி சொன்னாரு, அப்பா ஒரு கேள்வியில தோத்துட்டாருன்னு. பதிலு கிழங்காமே? சார், எங்க ஊர்ல கிழங்குன்னு சொன்னாலே எங்கப்பா எந்திரிச்சுப் போயிருவாரு. அவரு பேரே கிழங்கு மாப்பிள. வண்டி சேத்துல மாட்டி, வந்தவுகளுக்குச் சோறு போட முடியாமப் போச்சு. கிழங்குக் கல்யாணம்னு இன்னைக்கு வரைக்கும் கேலி பேசுறாக. அதைப் போயி வழக்கம்னு எந்தக் கிறுக்கன் சார் எழுதினது?”

“நான்தான்.”

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது.

“சாரி சார்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதினவரே இருக்கீகளே, அப்ப நல்லதாப் போச்சு” என்றாள்.

காளிமுத்து அப்போதுதான் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தார்.

“எனக்கு உங்கள அன்னைக்கே அடையாளம் தெரிஞ்சிருச்சு சார். டேப்பு வச்சு அந்தக் கிழங்க அளந்தீகல்ல? எனக்கு அம்புட்டு வெக்கமாப் போச்சு. சோறு போட வக்கில்லாதவன் வீட்டுக் கிழங்கு எம்புட்டு நீளம்னு பாக்குறாரேன்னு.” தரையைப் பார்த்தபடியே சொன்னார். “அதான் அந்த ஆபீஸர் கேக்கையில சோறுன்னு சொன்னேன். உங்க முன்னாடி இன்னொருக்கா அதைச் சொல்லணுமாக்கும்னு.”

பதினெட்டு வருஷமாக அந்தக் காலையை நான் ஒரு கண்டுபிடிப்பாக வைத்திருந்தேன். அவரோ அதை ஒளித்து வைத்திருந்தார்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து களப்பணி நோட்டை எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனை. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து மேசையில் வைத்தேன். கிழமை, முகூர்த்த நேரம், ஆட்கள் எண்ணிக்கை, கிழங்கின் நீளம், சுற்றளவு எல்லாம் இருந்தன. மழை என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. மழை எங்கள் பாடத்திட்டத்தில் பண்பாடு அல்ல.

ஈஸ்வரி குனிந்து பார்த்தாள். நீல மை ஐந்தாறு இடத்தில் வட்டம் வட்டமாகக் கலைந்து பரவியிருந்தது. ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது என்ன சார்?”

“மழைத் தண்ணி. கூரை ஒழுகினது.”

“அப்ப இதைக் காட்டுங்க” என்றாள்.

நோட்டு போன இடம்

அன்றே சந்தானத்தின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். என் ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சொன்னது வழக்கம் அல்ல. மழையால் அரிசி வந்து சேராத ஒரே ஒரு நாளில் நடந்தது. மறுநாள் ஓடைக்கரையில் அரிசி வண்டியைக் கண்ணால் பார்த்தும் அதை மறைத்து எழுதினேன். நோட்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

கடிதம் கிடைத்த அன்று சந்தானம் போன் செய்தான்.

“யோவ், தப்பா எழுதிட்டேன்னு எழுது. சரி. தெரிஞ்சே எழுதினேன்னு ஏன்யா எழுதின?”

“தெரிஞ்சுதானே எழுதினேன்.”

“அந்த உதவியாளர் வேலைக்கு உன் தகுதியே அந்த ஆய்வேடுதான். இனி நான் எந்த வாயால உன் பேரைச் சொல்றது?” மறுமுனையில் அவன் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. “அந்த ஆளுக்கு மறுவிசாரணை போடுறேன். எட்டாவது கேள்வியை அவருக்கு மட்டும் விட்டுட்டு, ஒன்பதுல ஆறு போதும்னு எழுதிடலாம்.”

“எல்லாருக்குமே விட்டுடலாமே.”

“அந்தப் பட்டியல் அச்சாகி ஜில்லா ஜில்லாவாப் போயிருச்சுய்யா. அதைத் திரும்ப வாங்குறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்.”

மறுவிசாரணைக்குக் கோப்பு போக வேண்டிய மேசைகளுக்கெல்லாம் போனது. இருபது நாள் முடிந்தது. சான்றிதழ் கார்த்திகையில் வந்தது. உண்மையான பழங்குடிதான் என்று அதில் எழுதியிருந்தது. நர்ஸிங் வகுப்பு அதற்குள் பாதிப் பாடம் நடத்தி முடித்திருந்தது.

ஈஸ்வரி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். பதினோரு மாதம். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. “அடுத்த வருசம் சேந்துருவேன் சார், இப்ப சர்ட்டிபிகேட்டு இருக்குல்ல” என்றாள். சொன்னபடியே சேர்ந்தாள். ஆனால் அந்தப் பதினோரு மாதத்தை நான் எந்த நோட்டில் எழுதுவது?

என் நோட்டு திரும்பி வரவில்லை. இரண்டு தடவை கேட்டு எழுதினேன். “கோப்பின் பகுதி” என்று ஒரே வரியில் பதில் வந்தது. என் களப்பணியில் எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

தை மாதத்தில் இன்னொரு முகூர்த்தம்

ஈஸ்வரி நர்ஸிங் சேர்ந்த அடுத்த ஆண்டு, காளிமுத்து பத்திரிகையோடு வந்தார். தம்பி மகளுக்குக் கல்யாணம். கட்டாயம் வர வேண்டும். போனேன். ஓடைக்கு மேல் சிறிய பாலம் போட்டிருந்தார்கள். துணிப்பந்தல், வாடகை நாற்காலிகள், ஒலிபெருக்கி. பந்தலுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் சோறு வெந்து, ஆவி பறந்தது. இன்னோர் அண்டாவில் ஆட்டுக்கறி. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் மூன்று வகை. வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை.

தாலி கட்டியானது. எல்லோரும் எழுந்து பந்திக்குப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை.

பேச்சி ஓர் எவர்சில்வர் தட்டோடு வந்தாள். தட்டில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்த ஒரு வள்ளிக்கிழங்கு. காளிமுத்து மேடையில் ஏறி, கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

“போட்டோக்காரரே! இங்கன வாங்க. இத விட்றாதீக. ரெண்டு பேரு முகமும் கிழங்கும் ஒண்ணா வரணும்.”

மாப்பிள்ளை கிழங்கை இரண்டாகப் பிட்டான். பெண்ணிடம் பாதி கொடுத்தான். வெளிச்சம் அடித்தது. வீடியோக்காரர், “இன்னொருக்கா பிட்டுக் காட்டுங்க” என்றார். பிட்ட கிழங்கை மறுபடி எப்படிப் பிட்டுக் காட்டுவது என்று மாப்பிள்ளை விழித்தான். கூட்டம் சிரித்தது. யாரும் காளிமுத்துவைக் கேலி செய்யவில்லை. கிழங்கு மாப்பிள்ளைதான் அன்று அந்தச் சடங்குக்குப் பெரியவர்.

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன காளிமுத்து இது?”

“இருக்கட்டும் சார். நாளைக்கு இதுகளுக்குப் பிள்ள பெறக்கும், படிக்கும். எவனாச்சும் வந்து எட்டாவது கேள்வி கேப்பான். போட்டோ இருக்கும்ல? இப்ப எங்க ஆளுக எல்லாக் கல்யாணத்துலயும் இப்படித்தான்.” குரலைத் தாழ்த்தினார். “கிழங்கு திண்டுக்கல் மார்க்கெட்டுல வாங்கினது. இந்த வருசம் மலையில ஒண்ணுகூட கெடைக்கல.”

ஈஸ்வரி விடுமுறையில் வந்திருந்தாள். பந்தியில் எனக்குக் கறி போட்டுக்கொண்டே கேட்டாள்: “சார், டேப்பு கொண்டாந்தீகளா?”

அவள் அப்பா உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சோறு சூடாக இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தேன். பயண அலுப்பில் கை ஓடவில்லை. இந்த மக்களின் மணச்சடங்கு பற்றி நான் எழுதியதை இனி யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆதாரத்துக்கு நூறு போட்டோ இருக்கிறது.

தேதி எழுதினேன். கிழமை எழுதினேன். அதற்கு அடுத்து இரண்டே சொல்தான்.

மழை இல்லை.